அரைக்கிலோ படிக்கல்லும் ஓர் இடக்கைப் பிடியும்

சண்டை முடிந்த அடுத்த வருஷம் எங்கள் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்கு, ஒரு பெட்டி வந்தது. உள்ளே இரண்டு கைத்துப்பாக்கிகள். மட்டக்களப்பில், பகல் பதினொரு மணிக்கு, தேத்தண்ணி வருகிற நேரத்தில், கையெழுத்துப் போட்டு வாங்கி மேசையில் வைத்த இரண்டு கைத்துப்பாக்கிகள். தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா தட்டத்தோடு அப்படியே பின்பக்கமாக நடந்து வெளியே போனார். பின்னால் கிறுகிப் பார்க்காமல், ஒரு சொட்டுச் சிந்தாமல். அந்த நடையை நான் இன்றைக்கும் வியக்கிறேன்.

இரண்டும் காற்றுத் துப்பாக்கிகள், எங்கள் பேச்சில் துவக்கு. பயறளவு ஈயக்குண்டைக் காற்றால் தள்ளிப் பத்து மீற்றருக்கு அப்பால் இருக்கும் கடதாசியில் ஓட்டை போடும். அவ்வளவுதான் அவற்றால் முடியும். போட்டிக்கென்றே செய்தவை. ஆனால் கறுப்பாக இருந்தன. குழல் இருந்தது. எங்கள் ஊருக்கு அது போதும்.

விளையாட்டுப் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். அதிகாரி ஒருவர், எழுதுவினைஞர் நான். அவர், எங்கள் சேர், வொலிபோல் ஆள். உலகத்தில் எந்தப் பொருளைக் கண்டாலும் அதை மேலே தட்டிவிட்டால் என்ன என்றுதான் பார்ப்பார். அந்தத் துப்பாக்கிகளையும் அப்படித்தான் பார்த்தார். பிறகு கொழும்பிலிருந்து வந்த படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"மிஸ், வழமைபோல நிரப்பி அனுப்புங்க."

வழமை என்றால் இதுதான்: வருஷா வருஷம் வருகிற அந்தப் படிவத்தில் கட்டம் கட்டமாக விளையாட்டுகள் இருக்கும். நான் ஒவ்வொரு கட்டத்திலும் 'எவருமில்லை' என்று எழுதுவேன். வில்வித்தை, எவருமில்லை. வாள்வீச்சு, எவருமில்லை. பெண்கள், பத்து மீற்றர், காற்றுக் கைத்துப்பாக்கி, எவருமில்லை. பேனை தானாகவே எழுதிக்கொண்டு போகும், நான் யன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அந்தக் கடைசிக் கட்டத்தில் பேனை நின்றது. பிறகு என் பெயரை எழுதியது. நான் எழுதவில்லை என்று சொல்லவில்லை. எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன் என்று சொல்கிறேன்.

சேர் படிவத்தைப் பார்த்தார். என் வலக்கையைப் பார்த்தார். மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

என் வலக்கை ஆட்காட்டி விரல் மடங்காது. சுனாமி அலை வந்த காலையில் முள்ளுக்கம்பி வேலியைப் பிடித்துக் கிடந்ததில் உள்ளே நரம்பு அறுந்துபோனது. நான் தப்பினேன், விரல் நீட்டியபடியே நின்றுவிட்டது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் முன்னால் நிற்கிற ஆளைக் காட்டும். கூட்டத்தில் கையைக் கட்டியிருந்தால் பக்கத்து ஆளைக் காட்டும். யாரோ யாரையோ காட்டியதால் எத்தனையோ பேர் திரும்பி வராத ஊர் இது. சண்டைக் காலத்தில் இந்த விரலைச் சீலை முந்தானைக்குள் ஒளித்துத்தான் சந்தைக்குப் போவேன்.

"இந்த விரலால விசை இழுக்க ஏலாதே, மிஸ்."

"இடக்கை இருக்குது, சேர்."

"நீங்க இடக்கைக்காரியா?"

"இனி."

அவர் சிரித்தார். ஆனால் படிவத்தில் பெயரை அடிக்கவில்லை. போட்டிக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருந்தது. "துவக்கு உங்கட கைக்குச் சரிவந்தா போங்க. சரிவராட்டி பெயரை வெட்டிப்போட்டு 'எவருமில்லை' எண்டு நானே எழுதுவன்" என்றார். எனக்கு அந்த ஒரு சொல் அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பொறுக்கவில்லை. எத்தனை வருஷமாக நானே எழுதிய சொல்.

*

கச்சேரிக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த நெல் களஞ்சியத்தில் பத்து மீற்றர் அளந்தோம். வெளவால்களுக்கு மட்டும் அறிவித்தோம். கச்சேரிக்கு அறிவிக்க மறந்துபோனோம். முதல் குண்டு 'டிக்' என்று போனது. ஒரு பேனை மேசையிலிருந்து விழுகிற சத்தம், அவ்வளவுதான். ஆனால் நாங்கள் வெளியே வந்து பார்த்தபோது காணிப் பிரிவில் ஒருவரையும் காணவில்லை. குனிந்து பார்த்தேன். ஏழு பேரும் மேசைகளுக்குக் கீழே கோப்புகளோடு ஒழுங்காக இருந்தார்கள். ஒரு அக்கா கீழே இருந்தபடியே ஒரு கடிதத்தில் ஒப்பமிட்டுக்கொண்டிருந்தார். "விழுந்த பேனைய எடுக்கத்தான் குனிஞ்சன்" என்றார். ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் பேனை விழுந்திருந்தது.

இரண்டில் எதை எடுப்பது? மிஞ்சிக் கிடந்த நெல் மூட்டை ஒன்றின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்து, கை ஆடாமல் ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு சுட்டோம். பழையது கனமானது. உள்ளே சுருள் வில். சுட்டதும் கோபப்பட்ட கழுதை மாதிரி உதறும். ஐந்து குண்டும் கடதாசி முழுக்கச் சோளம் பொரிந்த மாதிரிச் சிதறின. ஆனால் அதன் பிடி தட்டையான ஒரு மரத்துண்டு. எந்தக் கையாலும் பிடிக்கலாம். புதியது மெலிந்தது. பக்கத்துத் தடியை ஒருமுறை திறந்து அமத்தினால் ஒரு குண்டுக்குரிய காற்று உள்ளே அடைந்துகொள்ளும். சுட்டால் அசையாது. அதன் ஐந்து குண்டும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி ஒரே ஓட்டையைத் தின்றன. ஒரு தேயிலைத் தூள் அளவுக்குத்தான் ஓட்டை பெருத்தது. ஆனால் அதன் பிடி வலக்கைக்காகக் குடைந்தது. பெருவிரலுக்கு ஒரு படுக்கை, உள்ளங்கைக்குக் கீழே ஒரு தட்டு, விரல்களுக்குப் பள்ளங்கள். இடக்கையில் எடுத்தால் செருப்பை மாறிப் போட்ட மாதிரி.

"பழசை எடுங்க. கையாவது நோகாது" என்றார் சேர்.

நான் அந்த ஒரே ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடதாசியைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டையால் வாவி தெரிந்தது. வாவியில் ஒரு தோணி. தோணியில் ஒருவர் துடுப்பை ஊன்றி நின்றார். துடுப்பில் கை வைக்கிற இடம் கறுத்து, வழுவழுத்து, அவருடைய கையாகவே ஆகியிருக்கும் என்று நினைத்தேன். தலைக்குள் ஏதோ பறந்தது.

"புதுசு, சேர். பிடியை மாத்துவம்."

*

துப்பாக்கி கச்சேரியை விட்டு வெளியே போகக்கூடாது. அலுமாரிக்கு இரண்டு பூட்டு. ஆனால் பிடி ஒரு திருகாணியில் கழன்று வந்துவிடும். அது வெறும் மரம்தானே. மரம் எங்கேயும் போகலாம். நான் அதைச் சமையல் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்து, பாதையில் ஏறி ஆற்றைக் கடந்தேன். வாவியை நாங்கள் ஆறு என்போம். ஆற்றைக் கடக்கிற மிதவையைப் பாதை என்போம். பாதை நகர, நாங்கள் அசையாமல் நிற்போம்.

அக்கரையில் சோதனைச் சாவடி அப்போதும் இருந்தது. ஒரு இளம் சிப்பாய் துணியை அவிழ்த்துப் பார்த்தான். தனக்குத் தெரிந்த தமிழில், "இது என்ன, அக்கே?" என்றான்.

"துப்பாக்கிக் கைப்பிடி."

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்துச் சிப்பாயும் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான். "போங்க, போங்க." எத்தனை வருஷமாக இந்தச் சாவடிகளில் பொய் சொல்லிப் பிழைத்தோம், ஒவ்வொரு பொய்யையும் முகம் பார்த்து நம்பினார்கள். ஒருநாள் உண்மை சொன்னேன், பகிடி என்று விட்டார்கள். எனக்குப் பழுகாமத்து வயல்வட்டை ஓரம் முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை. வயலில் நின்ற கொக்குகள் தலை தூக்கிப் பார்த்தன.

தோணியும் துடுப்பும் செய்கிற அண்ணன் ஒருவர் அங்கே இருந்தார். அண்ணன் என்றாலும் என் வயதுதான். பாதி செய்த தோணிக்குள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"துவக்குக்குப் பிடியா? என்னட்டயா வந்தாய், தங்கச்சி?"

"நீங்கதானே துடுப்புக்குப் பிடி போடுறீங்க, அண்ணன்."

"துடுப்பு சுடாதே கா."

வலக்கைப் பிடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் இரண்டு விரலால், எறும்பு பிடித்த பண்டம் மாதிரி. பிறகு உள்ளங்கையில் வைத்து. பிறகு கண்ணை மூடி. "செய்தவன் கெட்டிக்காரன்" என்றார். "ஆனா இது ஆரோ ஒரு வெள்ளைக்காரன்ட கை. உன்ட கை எனக்கு வேணும். மாக் குழைச்சு நல்லா அமத்திப் பிடிச்சு, காயவிட்டுக் கொண்டா."

அப்படித்தான் என் மச்சாள் இதற்குள் வந்தாள். என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி, எனக்குப் பக்கத்து வீடு, சந்தையில் மீன் விற்பவள். ரொட்டிக்குக் குழைத்த மாவில் ஒரு உருண்டை தந்தாள்.

"அடியே, ரொட்டி சுட மாட்டாய், ஆனா துவக்குச் சுடுவாய்."

நான் மாவை அமத்திப் பிடித்து, என் கையின் அச்சை வேலியோரக் கல்லில் காயவைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் மச்சாளின் ஆடு அதைத் தின்றுவிட்டது. "உன்ட கை ஆட்டுக்குச் சீரணிக்காது, இண்டைக்குப் பால் கறக்க விடாது" என்று மச்சாள் பின்னேரம் வரை என்னைத் திட்டினாள். அடுத்த அச்சை வட்டைக் களியில் எடுத்தேன். களி காய்ந்ததும் என் இடக்கையே கல்லான மாதிரி இருந்தது. உள்ளங்கை ரேகைகள்கூட அதில் தெளிவாக இருந்தன.

அண்ணன் முதிரைக் கட்டை ஒன்றை எடுத்தார். உடைந்த தோணி ஒன்றின் துண்டு. அரத்தால் அராவி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, நாலாம் நாள் ஒரு பிடி செய்து தந்தார். அதைக் கச்சேரிக்குக் கொண்டுவந்து துப்பாக்கியில் பூட்டினேன். சோதனை எளிதானது, சேரின் விதிப் புத்தகத்தில் இருந்தது: கண்ணை மூடு, கையைத் தூக்கு, கண்ணைத் திற. குழலின் நுனியில் நிற்கிற முன்குறி ஒரு சின்னத் தூண். கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற பின்குறி ஒரு சதுரப் பள்ளம். பிடி சரியென்றால் கண்ணைத் திறக்கும்போது தூண் பள்ளத்துக்கு நடுவே நிற்க வேண்டும். தேடக்கூடாது. தானாக நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. தூண் இடப்பக்கச் சுவரில் சாய்ந்து வெளியே எட்டிப் பார்த்தது.

ஆகவே அழுத்துகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, பிடியைக் கழற்றி, துணியில் சுற்றி, பாதையில் ஏறி, சிப்பாய்க்குச் சிரிப்பு மூட்டி, அண்ணனிடம் போனேன். அவர் ஒரு நெல்லளவு அராவினார். திரும்பி வந்து பூட்டினேன். கண்ணை மூடு. கையைத் தூக்கு. கண்ணைத் திற. இப்போது தூண் பள்ளத்துக்குள் தாழ்ந்திருந்தது. மறுகா பாதை, மறுகா சிப்பாய், மறுகா அண்ணன். ஐந்தாம் தடவை சிப்பாய் துணியை அவிழ்க்காமலே, "பிஸ்டல்?" என்றான். "ஓம், பிஸ்டல்" என்றேன். பாதையில் வந்த ஆட்கள் என்னை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றார்கள்.

கடைசியில் அண்ணனே பொறுமை கெட்டுக் கச்சேரிக்கு வந்தார். வெள்ளைச் சேட்டு, தலைக்கு எண்ணெய், சட்டைப்பையில் கண்ணாடிச் சில். களஞ்சிய வாசலிலேயே நின்றுகொண்டார்.

"உள்ளுக்கு வாங்க அண்ணன். கையில எடுத்துப் பாருங்க."

"அத நான் தொடமாட்டன், தங்கச்சி. மரத்தக் கழட்டித் தா."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருக்கு அப்படி ஒரு காலம் இருந்திருக்கிறது, அல்லது அவரைச் சந்தேகப்பட்டவர்களுக்கு அப்படி ஒரு காலம் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. பிடியைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுபோனேன். சுரண்டினார். பூட்டினேன். கழற்றினேன். சுரண்டினார். களஞ்சியத்துக்கும் வாசலுக்கும் இடையே பதினாறு தடவை நடந்திருப்பேன். பதினேழாம் தடவை கண்ணைத் திறந்தேன்.

தூண் பள்ளத்துக்கு நடுவே நின்றது. இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம். நான் எதையும் செய்யாமல், யாரையும் தேடாமல், அது தன்பாட்டில் வந்து நின்றது. என் உச்சந்தலையில் யாரோ குளிர்ந்த தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது.

"என்ன கா, அழுறியா?" என்றார் வாசலில் நின்ற அண்ணன்.

"சிரிக்கிறன்."

"ரெண்டும் ஒரே முகமாத்தான் கிடக்கு."

*

மிச்சம் விசை. விசை இளகியிருந்தால் விரல் நினைத்த கணமே குண்டு போய்விடும். அதனால் போட்டியில் ஒரு விதி: குழலை வானம் பார்க்க நிறுத்தி, விசையில் அரைக்கிலோவைத் தொங்கவிட்டுத் தூக்க வேண்டும். எடை மேலே எழும்பவும் வேண்டும், விசை விழவும் கூடாது. விழுந்தால் அந்தத் துப்பாக்கியால் சுட முடியாது. போட்டியாளர்கள் எல்லாரும் அந்த அரைக்கிலோவுக்கு ஒரு மயிரிழை மேலேதான் விசையை வைத்துக்கொள்வார்கள். இளக்கம் எவ்வளவுக்கோ அவ்வளவுக்கு நல்லது.

அரைக்கிலோவுக்கு எங்கே போவது? மச்சாளிடம் போனேன்.

மச்சாளின் படிக்கல் ஒரு இரும்புக் கட்டி, ஆறு பக்கம். அலைக்கு முன்னால் அவளுக்குக் கடற்கரையில் ஒரு மீன்கொட்டில் இருந்தது. அலைக்குப் பிறகு மேசை இல்லை, தராசு இல்லை, கத்தி இல்லை, கொட்டில் நின்ற நிலமே இல்லை. பதினோராம் நாள் மணலைக் கிண்டினபோது இந்த அரைக்கிலோ மட்டும் வந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துரு தேய்த்து, புதுத் தராசு வாங்கி, இதை வைத்தே மறுபடி தொடங்கினாள். இதை ஒருவருக்கும் இரவல் கொடுக்கமாட்டாள். எனக்குத் தந்தாள்.

"பத்திரம். இது எனக்கு மூத்த பிள்ள மாதிரி."

அதைத் தங்கூசி நூலால் கட்டி, விசையில் தொங்கவிட்டு, சேரின் சைக்கிள் திருகாணிக் குச்சியால் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கினோம். எழும்பியது. இன்னும் இளக்கினோம். எழும்பியது. இன்னும். 'டிக்.' ஒரு மயிரிழை திருப்பி இறுக்கினோம். எழும்பி நின்றது. மீன் மணத்தோடு, கன்னம் உப்பிய குழந்தை மாதிரி, விசையில் ஊஞ்சலாடிக்கொண்டு.

அதற்குப் பிறகு வந்த எட்டு நாளும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. பின்குறியின் திருகாணியைப் பிழையான பக்கம் திருப்பி, குண்டுகளைக் கடதாசியிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து யன்னல் சட்டத்துக்கும் கூட்டிக்கொண்டு போனேன். சரியான பக்கம் திருப்பினேன், வரிசையாகத் திரும்பி வந்தன. வீட்டில் வெறும் பிடியை நீட்டிப் பிடித்துக் கொண்டு சோறு வடித்தேன். சேர் விதிப் புத்தகத்தைப் பார்த்து, "ஸ்டொப்" என்று கட்டளையிட்டுப் பழக்கினார். முதல் தரம் அவர் கத்தியதும் நான் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன். வெட்கத்தோடு கிறுகிப் பார்த்தால், கட்டளையிட்ட சேரின் கைகளும் தோளளவு வரை போயிருந்தன.

*

கொழும்புக்கு ரயில் கோச்சியில் போனோம். மச்சாள் படிக்கல்லையும் என் பையில் வைத்துவிட்டாள். "அங்க ஒருக்காப் பாத்துக்கொள். வழியில ஆரும் சேட்டை விட்டா எறி."

சோதனை மேசையில் வெள்ளை உடுப்பில் ஒரு அம்மா இருந்தார். என் வயது, கழுத்தில் கண்ணாடி. பிடியைத் தடவிப் பார்த்தார். "யாரு செய்தது?" என்று உடைந்த தமிழில் கேட்டார். "தோணி செய்றவர்" என்றேன். துப்பாக்கியை அளவுப் பெட்டிக்குள் வைத்தார், அடங்கியது. குழலை மேலே நிறுத்தினார். தன்னுடைய அரைக்கிலோவை, வெள்ளி மாதிரி மின்னியதை, விசையில் கொளுவித் தூக்கினார்.

'டிக்.'

எடை மேசையை விட்டு எழும்பவே இல்லை.

மூன்று விரல் காட்டி, ஒன்றை மடக்கினார். இன்னும் இரண்டு சந்தர்ப்பம். சேரின் முகம் பந்து வலையில் பட்டு விழுந்த முகம் ஆனது. நாங்கள் பிழை விடவில்லையே, நூறு தடவை தூக்கிப் பார்த்தோமே. பையைத் துழாவிப் படிக்கல்லை எடுத்து மேசையில் வைத்தேன். சாட்சி கூப்பிட்ட மாதிரி.

"இதால பார்த்தது. அரைக்கிலோ."

அந்த அம்மா அதை எடுத்தார். மணந்தார். மீன் மணம் பிடிபட்டதும் புருவம் உயர்ந்தது. கவிழ்த்தார். அடியில் ஒரு குழி, பெருவிரல் போகிற அளவு. அந்தக் குழி எப்போதும் இருந்தது, நான் அதை ஒரு குழி என்று நினைத்ததே இல்லை. அவர் தன் படிக்கல்லைக் கவிழ்த்துக் காட்டினார். அதே இடத்தில் சாம்பல் நிறத்தில் ஈயம் அடைத்திருந்தது. நிறை சரிவர அடைக்கிற ஈயம். பிறகு மச்சாளின் படிக்கல்லை மின்தராசில் வைத்தார். நானூற்றி எழுபத்திநாலு.

இருபத்தாறு கிராம். மணலுக்குள் கிடந்த பதினோரு நாளில் கடல் அந்த ஈயத்தைக் கிண்டி எடுத்திருக்கிறது. இந்த ஆறு வருஷமாக மச்சாளின் ஒவ்வொரு அரைக்கிலோ இறாலிலும் அந்தக் குழி இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில், அந்த நேரத்தில், பெயர் வெட்டப்படப் போகிற வேளையில், வயிற்றிலிருந்து குமிழி குமிழியாகச் சிரிப்பு. அந்த அம்மாவுக்கும் தொற்றியது, வாயைக் கையால் மூடிக்கொண்டார். சேர் மட்டும் சிரிக்கவில்லை. திருகாணிக் குச்சியைத் தேடினார்.

ஒரு கால்வட்டம் இறுக்கினார். அந்த அம்மா தூக்கினார். எடை எழும்பியது, ஒரு நகக்கண் அளவு. 'டிக்.' இரண்டாவது விரலையும் மடக்கினார். இப்போது ஒருவருக்கும் சிரிப்பில்லை. சேர் குச்சியை என்னிடம் நீட்டினார்.

"நீங்க செய்யுங்க. எனக்கு ஏலாது."

இறுக்கினால் விசை கல்லாகும், விரல் பழகிய இளக்கம் எல்லாம் போகும். இறுக்காவிட்டால் நிற்கவே விடமாட்டார்கள். மடங்காத விரலைக் குச்சியின் மேல் நீட்டி வைத்து, மற்ற விரல்களால் அரைவட்டம் திருப்பினேன். அந்த விரல் அன்றைக்கு அந்த அம்மாவை நேராகக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். எடையைக் கொளுவினார். தூக்கினார்.

எழும்பியது. மேசைக்கு மேலே ஒரு சாண் எழும்பி, ஒரு மூச்சு நேரம், அசையாமல் நின்றது. அவர் துப்பாக்கியில் ஒரு சின்ன வட்ட ஒட்டி ஒட்டினார்.

சுட்டதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாற்பது குண்டு. விசை கனத்துவிட்டதால் முதலில் எல்லாம் கீழே விழுந்தன. விரல் இழுக்க இழுக்க விசை வரமாட்டேன் என்றது, வராது என்று நான் விட்டுவிட்ட கணத்தில் வந்தது. பத்தாவது குண்டுக்குப் பிறகு அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்துப்போனது. கண்ணை மூடினேன், கையைத் தூக்கினேன், கண்ணைத் திறந்தேன். தூண் பள்ளத்துக்கு நடுவே நின்றது. கொழும்பிலும் நின்றது. ஒலிபெருக்கியில் "ஸ்டொப்" என்றதும் துப்பாக்கியை வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினேன். பக்கத்துத் தடத்தில் நின்ற பிள்ளை, நான் வென்றுவிட்டேன் என்று நினைத்து எனக்குக் கைதட்டினாள்.

நான் வெல்லவில்லை. நாற்பத்தொரு பேரில் முப்பத்தாறாவது. சுவரில் ஒட்டிய தாளில் மட்டக்களப்பு என்று இருந்தது, அதற்கு நேரே என் பெயர், அதற்கு நேரே முன்னூற்றி இருபத்தொன்பது. சேர் அந்தத் தாளைப் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு வாசித்தார். "எண் இருக்குது, மிஸ். எங்களுக்கு நேர எண் இருக்குது."

*

மச்சாள் நான் சொன்னதைக் கேட்டு முடியுமட்டும் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு படிக்கல்லைக் கவிழ்த்துக் குழிக்குள் சின்ன விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஆறு வருஷம்" என்றாள்.

"உங்கட பிழையில்லையே, மச்சாள். கடலுக்குள்ள விழுந்தது."

"தின்ன சனத்துக்கு ஆரு போய்ச் சொல்லுற, கடல் எடுத்த எண்டு?" படிக்கல்லை முந்தானையில் துடைத்தாள். "உன்ட களஞ்சியத்தில நீ சுட்ட ஈயம் கிடக்குமா?"

கிடந்தது. இலக்குக்குப் பின்னால் வைத்த தகரப் பெட்டிக்குள் எட்டு நாள் பயிற்சியும் நசுங்கிக் கிடந்தது. பத்தில் பட்டவையும் சுவரில் பட்டவையும் கலந்து. ஒரு கைபிடி அள்ளிக்கொண்டு வந்தேன். மச்சாள் வலைக்கு ஈயம் உருக்கி வளர்ந்தவள். பழைய அகப்பையில் போட்டு அடுப்பில் வைத்தாள். தட்டைத் தட்டையான குண்டுகள் ஒவ்வொன்றாக நெளிந்து, பளபளத்து, ஒரே சொட்டாக ஆயின. குழிக்குள் ஊற்றினாள். மருந்துக்கடைத் தராசில் வைத்துப் பார்த்து, கத்தியால் ஒரு சீவல் சீவினாள். ஐந்நூறு.

அடுத்த நாள் கந்தோருக்கு வேலைக்குப் போகிற வழியில் சந்தைக்குள் எட்டிப் பார்த்தேன். மச்சாளின் மீன்தட்டுக்கு முன்னால் ஒரு மாமி அரைக்கிலோ இறால் வாங்கிக்கொண்டு நின்றார். தராசைப் பார்த்தார். மச்சாளைப் பார்த்தார்.

"என்ன கா, இண்டைக்குக் கூட நிக்குது. இறால் பழசா?"

"பழசில்ல மாமி. இதுதான் அரைக்கிலோ."

"அப்ப நேத்து வரைக்கும் தந்தது?"

மச்சாள் என்னைக் கண்டுவிட்டாள். என் மடங்காத விரலைப் போலவே தன் விரலை நீட்டி, சந்தைக்கு நடுவில், எல்லாரும் பார்க்க, என்னைக் காட்டினாள்.

"அத அவளட்டக் கேளுங்க, மாமி. மிச்சத்த எல்லாம் அவதான் வச்சுச் சுட்டவ."